வாசல் விளக்கு யாருக்கு? கண்டியில் நத்தார் அலங்காரத்தின் கதை

1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காக மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கி நின்றது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் மாலுமிகளையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிடிபட்டவர்களுள் தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸும் ஒருவன். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டி இராச்சியத்தின் ஊர்களில் கைதியாகவே வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடினார். 1681இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூல் இன்றும் கண்டி வரலாற்றின் முதன்மைச் சான்றுகளில் ஒன்று.

அந்த நூலில் நவம்பர் மாதத்து முழுநிலவு விழா ஒன்றைப் பற்றிய குறிப்பு வருகிறது. காட்டில் கிடைக்கும் மிக நீளமான கம்பங்களை வெட்டிவந்து கோயில் வாசல்களிலும் அரண்மனை வாசலிலும் நடுவார்கள். அடியிலிருந்து உச்சிவரை வரிசை வரிசையாக விளக்குகளை ஏற்றுவார்கள். அவற்றைத் தோரணம் என்பார்கள் என்று நொக்ஸ் எழுதுகிறார். தமிழர் வீடுகளில் கார்த்திகை விளக்கீடு நடக்கும் அதே பருவம் அது.

நொக்ஸ் பிறந்த லண்டனிலோ, டிசம்பரில் வாசலில் பச்சிலை கட்டுவதே வழக்குக்குரிய செயலாக இருந்தது. அவர் பிறந்தது 1641இல். அவருக்கு ஆறு வயதானபோது, 1647 ஜூனில், பியூரிட்டன்களின் கை ஓங்கியிருந்த ஆங்கில நாடாளுமன்றம் நத்தார் திருநாளையே சட்டம் போட்டு ஒழித்தது. அந்த நாள் வேதாகமத்தில் இல்லை, உரோமரின் அஞ்ஞானப் பண்டிகைதான் பெயர் மாறித் திருச்சபைக்குள் வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். அந்த ஆண்டு டிசம்பரில் லண்டன் கோர்ன்ஹில்லில் இளைஞர்கள் கட்டிய பச்சிலைகளை அகற்ற மேயரின் ஆட்கள் போக, கைகலப்பு மூண்டது. மன்னராட்சி திரும்பி நத்தாருக்கு மீண்டும் இடம் கிடைத்தது 1660 மே மாதத்துக்குப் பின்னர்தான். அதற்கு ஒரு மாதம் முன்னரே நொக்ஸ் கண்டி மன்னனின் கைதியாகிவிட்டார்.

நத்தார் அஞ்ஞானப் பண்டிகையா என்ற அந்த வாதம் கண்டியில் இன்றும் ஓயவில்லை. டிசம்பர் பிறந்தால் தலதா வீதிக் கடைகளில் மின்விளக்குச் சரங்கள் தொங்குகின்றன. பாடசாலைகளில் ஒளிவிழாவுக்கு ஒத்திகை நடக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் வைக்கோலும் சாக்குத்தாளும் கொண்டு பாலன் குடில் எழுகிறது; மூங்கில் ஈர்க்கில் நிறத்தாள் ஒட்டிய நட்சத்திரம் கூரையோரம் ஏறுகிறது. அதே நகரில், அதே வேதாகமத்தை வாசிக்கும் வேறு சில கிறிஸ்தவக் குடும்பங்கள் மரமும் வைப்பதில்லை, நட்சத்திரமும் கட்டுவதில்லை. காட்டில் வெட்டிய மரத்தை வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணியடித்து நிறுத்துவதைக் கண்டிக்கும் எரேமியா பத்தாம் அதிகாரத்தை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். இரு சாராருக்கும் நீண்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் பலவற்றைக் கண்டியிலேயே நின்று பார்க்க முடிகிறது.

பழைய வழக்கு

கிறிஸ்தவர்கள் வாசல் அலங்காரத்தைப் பற்றி வாதிடத் தொடங்கியது நத்தார் என்ற திருநாள் உருவாவதற்கும் முன்னர். கி.பி. 200ஐ அடுத்த ஆண்டுகளில், வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன், சிலை வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலில் தன் சபையாரையே கடிந்துகொள்கிறார். உரோமப் பண்டிகை நாட்களில் விளக்கும் வாகை இலையும் அஞ்ஞானிகளின் வாசல்களைவிடக் கிறிஸ்தவர்களின் வாசல்களில்தான் அதிகம் தென்படுகின்றன என்பது அவர் குறை. வாசலுக்கும் கதவுக்கும் நிலைக்கும் தனித்தனித் தெய்வங்களை உரோமர் வைத்திருந்தார்கள். ஆகவே அங்கே ஏற்றும் விளக்கு எந்தத் தெய்வத்தைச் சேரும் என்று அவர் கேட்டார். ஆறாம் நூற்றாண்டில், இன்றைய போர்த்துக்கலிலுள்ள பிராகாவின் ஆயர் மார்ட்டின் தொகுத்த விதிகளும் புத்தாண்டுப் பிறப்புக்கு வீட்டைப் பச்சிலையால் அலங்கரிப்பதைத் தடுத்தன.

மறுபக்கத்துக்கும் அதே அளவு பழமையான சான்று இருக்கிறது. 601ஆம் ஆண்டு பாப்பரசர் முதலாம் கிரகரி, இங்கிலாந்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மெல்லித்துஸ் என்ற துறவிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அங்குள்ள பழைய கோயில்களை இடிக்க வேண்டாம். சிலைகளை மட்டும் அகற்றி, தீர்த்தம் தெளித்து, பலிபீடம் அமையுங்கள். திருநாட்களில் அந்தக் கோயில்களைச் சுற்றி மரக்கிளைகளால் பந்தல் போட்டு மக்கள் விருந்துண்ணட்டும். கடிதத்தின் சாரம் இது. பழகிய இடத்துக்கே மக்கள் வருவார்கள், வந்த இடத்தில் வணங்கப்படுபவர் மாறியிருப்பார் என்பது கிரகரியின் கணக்கு.

டிசம்பர் 25 என்ற திகதியைப் பற்றிய வாதம் இதைவிடச் சிக்கலானது. டிசம்பர் 17 முதல் 23 வரை உரோமில் சட்டேர்னாலியா நடந்தது உண்மை. 274இல் பேரரசன் ஒரேலியன் ‘வெல்லப்படாத சூரியன்’ என்ற தெய்வத்துக்குக் கோயில் எடுத்ததும் உண்மை. ஆனால் டிசம்பர் 25ஐச் சூரியனின் பிறந்தநாள் என்று சொல்லும் 354ஆம் ஆண்டு நாட்காட்டித் தொகுப்புதான், கிறிஸ்து பிறந்த நாளாகவும் அதே திகதியைக் குறிக்கிறது. எது எதைப் பின்பற்றியது என்று அதை வைத்து மட்டும் முடிவுகட்ட முடியாது. கிறிஸ்து இறந்த நாளும் கருவில் உருவான நாளும் மார்ச் 25 என்று நம்பிய பழைய கிறிஸ்தவர்கள், அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி டிசம்பர் 25க்கு வந்தார்கள் என்று இன்னொரு சாரார் விளக்குகிறார்கள். ஆய்வாளர்களிடையே இரு விளக்கங்களுக்கும் ஆதரவு உண்டு.

மரத்தின் கதை இன்னும் தெளிவானது. எரேமியா வாழ்ந்தது கிறிஸ்துவுக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர். அவர் கண்டித்தது மரத்தில் செதுக்கிப் பொன்முலாம் பூசிய சிலைகளை. அலங்கரித்த நத்தார் மரம் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பரவியதோ 16ஆம் நூற்றாண்டில்தான். 1605இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகர வீடுகளில் காகித ரோஜா, அப்பிள், அப்பம் தொங்கவிட்ட மரங்கள் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. டிசம்பர் 24 அன்று ஆதாம் ஏவாள் நாடகம் நடிப்பதற்காக மேடையில் வைத்த ஏதேன் தோட்டத்து மரமே அதன் முன்னோடி என்று பலர் கருதுகிறார்கள். விக்டோரியா மகாராணியின் குடும்பம் அத்தகைய மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பின்னர்தான் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளெங்கும் அது பரவியது. கண்டியில் கோப்பித் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது.

பெரஹரா சொல்லும் பாடம்

கண்டிக்கு நத்தாரைக் கொண்டுவந்தவர்கள் பிரித்தானியர் அல்லர். ஒல்லாந்தர் கரையோரத்தைப் பிடித்த பின் அங்கே கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் துரத்தப்பட்டார்கள். கோவாவில் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1690ஐ ஒட்டிய ஒரு நத்தார் இரவில் வீடுகளில் ஒளிந்து கூடியிருந்த கத்தோலிக்கர்களை ஒல்லாந்துப் படையினர் புகுந்து கைதுசெய்தார்கள். அந்த மக்களுக்கு நத்தார் என்றால் விளக்கை மறைத்துக்கொண்டு செய்யும் வழிபாடு. சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கையிலிருந்து தப்பிய கத்தோலிக்கர்களுக்குப் பௌத்த மன்னனின் மலைநாடுதான் அடைக்கலம் கொடுத்தது.

வாஸ் அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் நம்பிக்கையைப் பெற்றார். 1697இல் நகரில் அம்மை பரவி, அஞ்சியவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, நோயாளிகளைத் தொட்டுக் கழுவி உணவூட்டினார். 1711 ஜனவரி 16 அன்று கண்டியிலேயே உயிர் நீத்தார். 2015இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். மாத்தளைக்கு வடக்கே வஹாகோட்டையில் போர்த்துக்கேயப் போர்க்கைதிகளின் வழிவந்த கத்தோலிக்கச் சமூகமும் இந்த மன்னர்களின் நிழலில்தான் நிலைத்தது. அந்த நிழல் என்றும் நீடிக்கவில்லை. 1740களில் குருக்கள் இராச்சியத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

இதே 18ஆம் நூற்றாண்டில் கண்டி தன் பெருவிழாவான பெரஹராவையே மாற்றியமைத்தது. நொக்ஸ் விவரிக்கும் பெரஹராவில் யானைகள் உண்டு, விளக்குகள் உண்டு, ஊர்வலம் போகும் தெய்வங்கள் உண்டு. புத்தரின் தந்ததாது இல்லை. அது ‘தேவாலய’ எனப்படும் தெய்வக் கோயில்களின் விழா. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறி இராஜசிங்கன் (1747–1782) ஆட்சியில், உபாலி தேரர் தலைமையில் 1753இல் சீயத்திலிருந்து பிக்குமார் வந்தார்கள். பௌத்த தலைநகரின் பெருவிழாவில் தெய்வங்கள் மட்டும் வலம் வருவது அவர்களுக்கு ஏற்கவில்லை. மன்னன் அந்த விழாவை நிறுத்திவிடவில்லை. தந்ததாது முன்னே செல்லவும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் பின்தொடரவும் ஒழுங்குபடுத்தினான். யானையும் தீவட்டியும் மேளமும் அப்படியே இருந்தன. விழாவின் தலைமை மாறியது. ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் கிரகரி மெல்லித்துஸுக்குச் சொன்ன வழியை, அவர் பெயரையே அறியாத ஓர் அரசவை தானாகக் கண்டடைந்தது.

இன்று தலதா பெரஹராவைப் பார்த்து அது பௌத்த விழா அல்ல என்று யாரும் வாதிடுவதில்லை. அதன் தொடக்கம் வேறாக இருந்ததை அறிந்தவர்களும் அப்படிச் சொல்வதில்லை. ஒரு வழக்கத்தின் பிறப்பை அறிவது வேறு. அதன் இன்றைய பொருளை அறிவது வேறு. நத்தார் அலங்காரத்தைப் பற்றிய வாதத்தில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

நத்தார் இல்லாத துரைமார்

1815 மார்ச் 2 அன்று, கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த உடன்படிக்கை மகுல் மடுவ என்ற அரச மண்டபத்தில் வாசிக்கப்பட்டது. நகரில் ஆங்கிலிக்கன் ஆலயம் எழும்வரை கிறிஸ்தவ ஆராதனையும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. செதுக்கிய மரத்தூண்களுக்கு நடுவே, 1825இல், இலங்கையையும் உள்ளடக்கிய கல்கத்தா மறைமாவட்டத்தின் ஆயர் ரெஜினால்ட் ஹீபர் பிரசங்கம் செய்தார். பின்னர் 1843இல் பணி தொடங்கி, 1853இல் ஆயர் ஜேம்ஸ் சப்மன் அர்ப்பணித்த புனித பவுல் ஆலயம் தலதா மாளிகைக்கும் தேவாலயங்களுக்கும் அருகே எழுந்தது.

மலைகளில் கோப்பி பயிரிட வந்த துரைமாரில் பெரும் பகுதியினர் ஸ்கொட்லாந்துக்காரர். 1840களில் கண்டியில் அவர்களுக்கென்று தனி ஆலயம் அமைந்தது. வீட்டில் நத்தார் கொண்டாடி வளர்ந்தவர்கள் அவர்களில் குறைவு. ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் 1640இலேயே நத்தார் விடுமுறையை ஒழித்திருந்தது. அங்கு டிசம்பர் 25 மீண்டும் பொது விடுமுறையானது 1958இல்தான். அவர்களின் பெருநாள் புத்தாண்டுப் பிறப்பு. தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் ‘துரைமார் பண்டிகை’ என்று எண்ணிய நாளை, துரைமாரில் பலருடைய சபை பல தலைமுறைகளாகக் கொண்டாடாமலே இருந்தது.

லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் வணிக முறையில் தேயிலை பயிரிடத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் அந்தச் சூழலில் பிறந்தவர். கின்கார்டின் மாவட்டத்திலிருந்து 1852இல் வந்தவர். 1892இல் இறந்து கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கமானார். அவர் கடல் கடந்த மறு ஆண்டு, அவர் பிறந்த மாவட்டத்தை அடுத்துள்ள ஆர்ப்ரோத் ஊரின் சுயாதீன சபைப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லொப் ஒரு சிறு வெளியீட்டை எழுதினார். 1858இல் அது ‘இரு பாபிலோன்கள்’ என்ற நூலாக விரிந்தது. நத்தார், மரம், மெழுகுதிரி எல்லாமே நிம்ரோத், செமிராமிஸ், தம்மூஸ் என்ற பாபிலோனியப் பெயர்களிலிருந்து இறங்கியவை என்றார் அவர். ஒலிப்பிலும் உருவத்திலும் கண்ட ஒற்றுமைகளைக் கோத்துக் கட்டிய வாதம் அது. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்கவில்லை. அந்நூலை நம்பி 1966இல் ஒரு புத்தகம் எழுதி உலகெங்கும் பரப்பிய அமெரிக்கப் போதகர் ரால்ஃப் வுட்ரோ, பிறகு சான்றுகளைத் தேடிப் பார்த்து, தன் நூலைத் திரும்பப் பெற்று, 1997இல் மறுப்பு நூலே எழுதினார். ஆனாலும் மலையகச் சபைகள் உட்படத் தமிழ்ப் பிரசங்கங்களில் இன்று ஒலிக்கும் நிம்ரோத் கதையின் வேர் அந்த ஸ்கொட்லாந்துப் போதகரின் எழுத்தில்தான் இருக்கிறது.

மாவிலைக்கு ஒரு நீதி

தோட்டத் தமிழரிடம் கிறிஸ்தவம் வந்த வழி வேறு. 1835இல் இலங்கைக்கு வந்து, 1886இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாத வில்லியம் ஓக்லி, கண்டியில் சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கத்தின் பணியை நடத்தினார். 1850களின் நடுப்பகுதியில் தோட்டத் துரைமாரின் பண உதவியோடு ‘தமிழ்க் கூலி மிஷன்’ கண்டியை மையமாகக் கொண்டு தொடங்கியது. தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் நடந்து போதிக்க உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். தாங்கள் வளர்ந்த சபைகளின் பழக்கங்களையும் தடைகளையும் அவர்கள் மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தடைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருந்தது. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, தஞ்சையில் சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்ற கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், குறவஞ்சி என்ற தமிழ் நாடக வடிவத்தில் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். 1820களில் வந்த புதிய மிஷனரிமார்மீது அவர் எழுத்தில் முறையிட்டார். பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். தமிழ்ப் பாட்டை ஆலயத்திலிருந்து விலக்குகிறார்கள். பண்டிகையிலும் கல்யாணத்திலும் பூவை விலக்கச் சொல்கிறார்கள். சாதி வேற்றுமையை விட்டு ஒன்றாக உண்ணச் சொல்கிறார்கள். இவை அவர் குறைகள்.

இந்தப் பட்டியலை நேர்மையோடு வாசிக்க வேண்டும். பூவையும் பாட்டையும் காக்க எழுந்த அதே குரல் சாதியையும் காக்க எழுந்தது. எல்லா வழக்கத்தையும் ‘எங்கள் பண்பாடு’ என்று ஒரே மூச்சில் காப்பாற்ற முடியாது என்பதற்கு இது பெரிய எச்சரிக்கை. மதுரையில் 1606 முதல் பூணூலும் சந்தனமும் அணிந்து போதித்த இயேசு சபைக் குரு ரொபர்ட் தெ நொபிலியின் வழியிலும் இதே சிக்கல் உண்டு. 1623இல் உரோம் அந்த வழக்கங்களை அனுமதித்தது. 1744இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ற் அத்தகைய வழக்கங்கள்மீது கடும் தடை விதித்தார். தடையைக் காப்பதாக மிஷனரிமார் செய்ய வேண்டியிருந்த சத்தியம் 1940இல்தான் நீங்கியது.

கண்டி மண்டபத்தில் பிரசங்கித்த ஹீபர், மறு ஆண்டு தமிழ்நாட்டில் இந்த வழக்குகளை நேரில் கேட்டார். ஊர்வலம், மேளம், பந்தி முதலியவற்றில் எது சமயம், எது ஊர்வழக்கு என்று எழுதி விசாரித்தார். விசாரணை முடியுமுன் 1826 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் இறந்துபோனார். அவருக்குப் பின்வந்த ஆயர் டானியல் வில்சன் 1833இல் சாதிக்கு எதிராகக் கண்டிப்பான கட்டளை பிறப்பித்தார். அது காலத்துக்குத் தேவையான கட்டளை. ஆனால் சாதிக்கு எதிராக எழுந்த கண்டிப்போடு பூமாலையும் தப்பும் கோலமும் சேர்ந்து பல இடங்களில் அஞ்ஞானத்தின் கணக்கில் எழுதப்பட்டன.

இதில் ஒரு பெரிய அநீதி நடந்தது. ஐரோப்பியரின் காட்டில் வளர்ந்து, அவர்களின் பழைய குளிர்காலப் பண்டிகைகளைத் தாண்டி வந்த பச்சை மரம், கப்பலேறி இங்கு வந்தபோது கிறிஸ்தவ அடையாளமாக ஏற்கப்பட்டது. லயத்து வாசலில் கட்டும் மாவிலைத் தோரணமோ விளக்கம் கேட்கப்பட வேண்டிய பொருளானது. இரண்டும் வாசலுக்கு வரும் இலைதான். ஒன்றின் பழைய வரலாற்றை ஐரோப்பியர் மறந்துவிட்டிருந்தார்கள். மற்றொன்றின் நிகழ்காலம் அவர்கள் கண்முன் இருந்தது. மதம் மாறிய தொழிலாளி, தன் உறவினர் கைவிடாத இலையையும் மேளத்தையும் தான் மட்டும் கைவிட்டு, அடுத்த லயத்தாருக்கு அந்நியமானான். கிறிஸ்தவர்களைக் குறித்த வேதக்காரர் என்ற சொல் சில இடங்களில் விலகி நின்றவர்கள் என்ற தொனியில் ஒலித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்தூணில் ஒரு பதில்

இந்த அநீதியைக் கண்டியின் கிறிஸ்தவர்களே உணர்ந்தார்கள். திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை இருந்த ஏ. ஜி. ஃபிரேசர், தாய்மொழியைப் புறக்கணிக்கும் கல்வியை எதிர்த்தவர். அவர் காலத்தில், 1922இல், கல்லூரி ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. எல். ஜே. காஸ்டர் ஐயர் வகுத்த அமைப்பு, மகுல் மடுவவையும் எம்பெக்க தேவாலயத்தையும் பின்பற்றியது. நாற்புறமும் திறந்த மண்டபம், செதுக்கிய கல்தூண், கண்டிப் பாணிக் கூரை. தேவாலயத்தில் மரத்தூணிலே கண்ட வேலைப்பாடு இங்கே சிலுவைக்கு முன்னே கல்லில் நின்றது. டேவிட் பெயின்டர் 1928 முதல் சுவரில் வரைந்த ஓவியங்களில் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. சுற்றிலும் இலங்கை மண்ணின் மரமும் மனிதரும். 1935இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. ஐரோப்பியப் படங்களில் மட்டுமே கிறிஸ்துவைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அது அதிர்ச்சி தந்திருக்கும். இன்று அதைக் காண வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

கத்தோலிக்கரிடமும் மாற்றம் கண்டி வழியாக நடந்தது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் அம்பிட்டியவில் பாப்பரசர் குருமடத்தை நிறுவினார். 1955இல் அது புனேக்கு மாறும்வரை இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்தும் தமிழரும் மலையாளிகளும் பிறரும் கண்டிக்கு வந்து குருத்துவக் கல்வி கற்றார்கள். அந்த வளாகத்தில்தான் இன்று இலங்கையின் தேசிய குருமடம் இருக்கிறது. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு ஓர் அளவுகோலைத் தந்தது: மூடநம்பிக்கையோடும் தவறோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்திராத மக்கள் வழக்கம் எதையும் திருச்சபை மதிக்கும், இயன்றால் காக்கும், வழிபாட்டிலும் ஏற்கலாம். இருநூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பெனடிக்ற் இறுக மூடிய கதவு இங்கே விதியாகவே திறந்தது. இன்று கத்தோலிக்கக் கோயிலில் குத்துவிளக்கு எரிவதையும் குருத்தோலைத் தோரணம் தொங்குவதையும் பார்க்கிற இளைஞர்களுக்கு, இவற்றுக்காக எத்தனை தலைமுறை வாதிட்டது என்பது தெரிவதில்லை.

கடன் ஒரு பக்கமாக மட்டும் போகவில்லை. 1880இல் காலியில் வந்திறங்கி, பௌத்த மறுமலர்ச்சிக்குத் துணைநின்ற கேணல் ஒல்கொட் போன்றோரின் முயற்சியால் 1885 முதல் வெசாக் மீண்டும் பொது விடுமுறையானது. அதன்பின் பௌத்த மறுமலர்ச்சிக்காரர்கள் நத்தார் வாழ்த்து அட்டையைப் பார்த்து வெசாக் அட்டை அச்சிட்டார்கள். கரோல் குழுவைப் பார்த்து பக்திப் பாடல் குழு அமைத்தார்கள். மே மாதத்தில் கண்டி வாவியைச் சுற்றித் தொங்கும் வெசாக் கூடும், டிசம்பரில் வீட்டு முகப்பில் தொங்கும் நட்சத்திரமும் ஒரே மூங்கில் ஈர்க்கு, ஒரே நிறத்தாள். வெசாக் அட்டையில் கிறிஸ்தவ வடிவம் இருக்கிறது என்பதால் அதை அனுப்பும் பௌத்தர் நத்தார் கொண்டாடுகிறார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மறுப்பவர்களின் நியாயம்

இத்தனையும் சொன்ன பிறகும், மரம் வைக்க மறுப்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. யெகோவாவின் சாட்சிகள் தங்கள் அன்றைய புரூக்ளின் தலைமையகத்தில் 1926இல் கடைசியாக நத்தார் கொண்டாடினார்கள். அதன்பின் உலகெங்கும் நிறுத்தினார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் நகையும் அலங்காரமும் இல்லாத எளிய வாழ்க்கையே விசுவாசத்தின் அடையாளம். இந்துவாகவோ பௌத்தராகவோ இருந்து மனம் மாறிய ஒருவருக்கு, விளக்கும் மாலையும் நேற்றுவரை தான் வணங்கிய தெய்வத்துக்குரியவை. அவற்றைத் தொட அவர் கூசுவதில் நேர்மை இருக்கிறது. தெர்த்துல்லியனின் சபையாரும் அதே நிலையில்தான் இருந்தார்கள்: அயல்வீட்டு வாசலில் எரிந்த விளக்கு அன்று உண்மையாகவே வேறொரு தெய்வத்துக்கு எரிந்தது.

இடைவழி கண்டவர்களும் உண்டு. கண்டிக்கு அருகே மயிலபிட்டியவில் கல்லூரி நடத்தும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ற் சபை, டிசம்பர் 25க்கு வேத ஆதாரம் இல்லை என்று வெளிப்படையாகக் கூறுகிறது. அதன் முன்னோடி எலன் வைட் அம்மையார் நத்தாரைப் பற்றி எழுதியபோது, ஆலயத்தில் மரம் வைப்பதைத் தடுக்கவில்லை. அதன் கிளைகளில் ஆலயப் பணிக்கான காணிக்கைகளைத் தொங்கவிடும்படி கேட்டார். மரத்தின் பூர்வீகத்தை ஆராய்வதைவிட, அதைச் சுற்றிச் செலவாகும் பணம் யாரைச் சேர்கிறது என்ற கேள்வியை அவர் முன்வைத்தார். கண்டி மாவட்டத்தில் தோட்டச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, கடன்பட்டு வாங்கும் மின்விளக்கைவிட இந்தக் கேள்வி அவசரமானது.

உரோமாபுரிச் சபையாருக்கு எழுதிய கடிதத்தின் பதினான்காம் அதிகாரத்தில் பவுல், ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறவரும் எண்ணாதவரும் ஒருவரையொருவர் தீர்ப்பிட வேண்டாம் என்கிறார். கண்டியின் வரலாறு அதற்குக் காரணமும் காட்டுகிறது. அலங்கரித்தவர்களும் அகற்றியவர்களும் கேட்டது ஒரே கேள்வி: இந்த விளக்கு யாருக்கு? மரபு எங்கே தொடங்கியது என்பதால் மட்டும் அதற்கு விடை கிடைத்திருந்தால், கண்டியில் பெரஹராவும் இராது, திரித்துவக் கல்லூரி ஆலயமும் இராது.

நகரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இன்று நிற்கும் மரம் ஜெர்மன் தேவதாருவும் அல்ல. தென் பசிபிக்கின் நியூ கலிடோனியாவிலிருந்து வந்து பேராதனைப் பூங்காவில் வரிசையாய் நிற்கும் குக் பைனின் இனம், ஹந்தானைச் சரிவில் நட்ட கரிபியன் பைனின் கிளை, சைப்பிரஸ் கொப்பு, அல்லது கடையில் வாங்கிய பிளாஸ்ரிக். டிசம்பரில் ஒளிவிழா நடத்தும் பாடசாலைகளும் ஞாயிறு பள்ளிகளும், நாடகத்துக்கும் கரோலுக்கும் இடையே பத்து நிமிடம் ஒதுக்கி இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒளிந்து கூடிய கத்தோலிக்கர்களின் நத்தார், லண்டனில் தடையான நத்தார், திருநெல்வேலி உபதேசிமார் சுமந்துவந்த தடைகள், கல்தூணில் எழுந்த ஆலயம் எல்லாவற்றையும் அறிந்த பிள்ளை மரம் வைக்கும் வீட்டிலும் வைக்காத வீட்டிலும் ஒரே மரியாதையோடு உட்கார்ந்து சாப்பிட முடியும். மாவிலைத் தோரணத்தை ஆலய வாசலில் கட்டலாமா என்று அடுத்த ஆண்டு சபைக் கூட்டத்தில் யாராவது கேட்டால், அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்குச் சான்றுகளும் இருக்கும்.